பக்கத்து நாற்காலியைக் கேள்

மேடம் ஃபிக்ரிய்யாவின் பிழைப்பில் நான் மண்ணை அள்ளிப் போட்டது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக முடிந்திருக்காது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைச் சொல்லித் தொலைக்க வேண்டும். மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது புகழ்ச்சி ஆகிவிடும். புகழ்ச்சி என்றாலே அவருக்கு ஆகாது.

மித் ரய்யான் என்ற எங்கள் ஊர் அரிசி ஆலையில் நாங்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். அதில் ஒருவருக்கு மட்டும், மற்ற இருநூற்றுப் பதினேழு பேரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதுவதே வேலை. அவர்தான் ஃபிக்ரிய்யா. ஒவ்வொரு பதவிக்கும் ஓர் அட்டை உண்டு. ரோஜா நிறத்தில் தடித்த காகிதம். அதில் அந்தப் பதவியின் கடமைகள், ஒவ்வொரு கடமைக்குள்ளும் வரும் பணிகள், எல்லாம் இருக்கும். அந்த அட்டைகளை அடுக்கிவைத்துக் காப்பது என் வேலை. நான் ஆவண அறைக் குமாஸ்தா, பெயர் ஹில்மி. ஒரே அறை, இரண்டு மேசை, நடுவில் ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தவிட்டுத் தூசி, மூடினால் புழுக்கம். திறக்க வேண்டும் என்று அவரும் மூட வேண்டும் என்று நானும் பதினாறு வருடம் சண்டை போட்டிருக்கிறோம்.

கடமைக்கும் பணிக்கும் என்ன வித்தியாசம் என்று புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் கேட்டபோது அவர் சொன்னார்: "கடமைங்கிறது மூட்டை சார். பணிங்கிறது அதுல இருந்து அள்ற பிடி. மூட்டையப் பாத்து 'அரிசி'ன்னு எவன் வேணும்னாலும் சொல்லிடலாம். ஒரு பிடி அள்ளிப் பாத்தாத்தான் குருணை எவ்வளவு, கல்லு எவ்வளவுன்னு தெரியும்." மேனேஜர் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, ஃபிக்ரிய்யாவுக்கும் தெரிந்தது.

ஒவ்வொரு பணிக்கும் அட்டையில் மூன்று கட்டம். எதைச் செய்கிறான், எதைக் கொண்டு செய்கிறான், முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன. அந்த மூன்றாவது கட்டம்தான் ஆலையில் எல்லோரையும் பைத்தியமாக்கியது. "சாக்கு தைக்கிறேன், மேடம்" என்று ஒருவன் சொன்னால் விடமாட்டார். "சரி, தைச்சு முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" "ஊசி நிக்கும்." "ஊசி டீ குடிக்கப் போனாலும்தான் நிக்கும். முடிஞ்சதுக்கு என்ன அடையாளம்?" அவன் சாக்கைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டுவான். ஒரு மணி சிந்தாது. "ஆங், இதைச் சொல்றதுக்கு உனக்கு அரை மணி நேரம்" என்று எழுதிக்கொள்வார். அவர் நோட்டுப் புத்தகத்தோடு ஆலைக்குள் இறங்கினால் ஆட்கள் கழிப்பறைக்குப் போய் ஒளிந்துகொண்டார்கள்.

ஆனால் எங்கள் ஜனங்களின் பெரிய தொல்லை அது இல்லை. எங்கள் ஆட்களிடம் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால் உண்மை வராது. "என்னத்த மேடம், ஏதோ உக்காந்துட்டுப் போறோம்" என்பான், நாலு ஆள் வேலையை ஒற்றையாய்ச் செய்பவன். தன் வாயால் தன் திறமையைச் சொன்னால் கண் பட்டுவிடும், கை விளங்காமல் போய்விடும் என்ற பயம். கோழி முட்டையிடுவதைக்கூட எண்ணிச் சொல்லமாட்டோம். ஃபிக்ரிய்யா முதல் வருடம் எழுதிய அட்டைகளைப் பார்த்தால் ஆலையே தானாக ஓடுகிறது, இருநூறு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தோன்றும்.

அப்புறம்தான் அவர் அந்த வழியைக் கண்டுபிடித்தார். ஒருத்தன் வேலையை அவனிடம் கேட்காதே, பக்கத்து நாற்காலியைக் கேள். சல்லடைக்காரனைப் பற்றி எடைமேடைக்காரனிடம் கேட்டார். எடைமேடைக்காரனைப் பற்றி மூட்டைக்காரனிடம் கேட்டார். அடடா, மடை திறந்தது! அடுத்தவனைப் பற்றி என்றால் எங்களுக்கு வாய் வலிப்பதே இல்லை.

சல்லடை பஸ்யூனி கதை அப்படி வந்ததுதான். பஸ்யூனியைக் கேட்டால் "சல்லடையப் பாத்துக்கறேன்" என்ற ஒரு வரி. பக்கத்து ஆள் சொன்னான்: "பெல்ட்டுல சாக்கு நூல் சிக்குனா, ஸ்விட்ச் அந்தப் பக்கம் இருக்குல்ல மேடம், அவ்வளவு தூரம் போகமாட்டான். விளக்குமாத்துக் கட்டைய விட்டு பெல்ட்ட நிறுத்துவான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை." ஃபிக்ரிய்யா அதை அப்படியே பஸ்யூனியின் அட்டையில் பணி என்று எழுதி, எதைக் கொண்டு என்ற கட்டத்தில் "விளக்குமாற்றுக் கட்டை" என்று போட்டு மேனேஜர் மேசையில் வைத்தார். மேனேஜர் குதித்தார். ஒரு வாரத்தில் ஸ்விட்ச் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பஸ்யூனியின் இரண்டு கையும் இன்றைக்கும் அவனிடமே இருக்கின்றன. அவன் அவருக்கு நன்றி சொன்னதில்லை. "என் கட்டையப் புடுங்கிட்டாங்க" என்று மூன்று மாதம் புலம்பினான்.

இந்த வழியை அவர் நாலு பக்கத்தில் எழுதி கெய்ரோவில் இருக்கும் தலைமையகத்துக்கு அனுப்பினார். கம்பெனி அதை விதியாகவே ஆக்கிவிட்டது. எந்தப் பதவியைப் பரிசோதித்தாலும் சம்பந்தப்பட்டவர் சொல்வது ஒன்று, பக்கத்தில் இருப்பவர் சொல்வது ஒன்று. இரண்டும் முரண்பட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே செல்லும். தான் தோண்டிய கிணற்றில் தானே விழப்போகிறோம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. பிடித்துத் தள்ளப்போவது நான் என்று எனக்கும் தெரியாது.

ரமலானுக்கு நாற்பது நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. கம்பெனியின் எல்லா ஆலைகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு பதவிக்கும் புதிய அட்டை வேண்டும். ஐந்து பணிகூடத் தேறாத பதவி ரத்து. அந்த ஆள் உபரிப் பட்டியலில் ஏறுவான். உபரி என்றால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், அஸ்வான் கிடங்குக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் பதினைந்து மணி நேரம்.

அதுவரை கழிப்பறையில் ஒளிந்தவர்கள் எல்லாம் இப்போது எங்கள் அறை வாசலில் வரிசை கட்டினார்கள். ஒருவன் ஆரஞ்சுப் பழம் ஒரு கூடை கொண்டுவந்தான். "மேடம், நம்ம அட்டையில ரெண்டு வேலை சேத்துப் போடுங்களேன். உங்க புள்ளைங்க நல்லா இருக்கும்."

"எனக்குப் புள்ளையே கிடையாது. பழத்தை எடுத்துட்டுப் போ. உனக்குப் பதினாலு வேலை ஏற்கெனவே இருக்கு, நீதான் சொல்லல."

அவர் ஒருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒருவருக்கும் கூட்டிப் போடவும் இல்லை. முப்பத்தைந்து நாளில் இருநூற்றுப் பதினேழு அட்டைகள். ஒரு ஆள்கூட ஐந்துக்குக் கீழே போகவில்லை. மீதி ஒரே ஓர் அட்டை. அவருடையது. தன் அட்டையைத் தானே எழுதக் கூடாது என்பது விதி. கெய்ரோவிலிருந்து வரும் குழு எழுதும்.

அந்தக் கடைசி வாரம் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருடைய கணவர் ஷவ்கிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சனி, திங்கள், புதன் என்று வாரம் மூன்று நாள் மன்சூரா நகர ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மாலை ஷிஃப்டில் இடம் வாங்க ஒன்றரை வருடம் அலைந்தார்கள். ஆலை விட்டதும் மூன்று மணி மைக்ரோபஸ்ஸில் ஃபிக்ரிய்யா அவரைக் கூட்டிக்கொண்டு போவார். ஊசி ஏற்றி இறக்கித் திரும்பும்போது அந்த மனிதருக்குக் கால் நிற்காது. தோளில் சாய்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அஸ்வான் என்றால் அந்தத் தோள் இல்லை. கூடவே அழைத்துப் போனாலும் அங்கே மெஷினில் இடம் கிடைக்க இன்னொரு ஒன்றரை வருடம் ஆகும். மெஷின் இல்லாமல் ஷவ்கிக்கு ஒன்றரை வாரம்கூட முடியாது.

"ஹில்மி, எனக்கு அஞ்சு தேறுமா?" என்று ஃபிக்ரிய்யா கேட்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை.

"மேடம், உங்களுக்குத் தேறலன்னா இந்த ஆலையில யாருக்குத் தேறும்?"

"இல்ல, யோசிச்சுப் பாரு. நான் என்ன செய்யறேன்? எழுதறேன். அது ஒண்ணு. அப்புறம்?" விரலை மடக்குவார். இரண்டாவது விரல் பாதியிலேயே நிற்கும். ஊரார் வேலையைப் பிடி பிடியாக அள்ளிப் பார்த்தவருக்குத் தன் மூட்டையைத் திறக்கக் கை வரவில்லை. சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்து மேசையெல்லாம் தோல். சாதாரணமாக ஒரு தோல் கிடந்தாலே என்னைக் கடித்துக் குதறுபவர்.

புதன்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவர் பெயர் ஸர்வத், மரியாதையாக உஸ்தாத் ஸர்வத். கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்ததும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். ஆள் நல்ல உயரம். கண் நீலம். சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடைச் சந்து. நீலக்கண்ணும் சந்துப்பல்லும் ஒரே முகத்தில் அமைந்தவன் ஒரு பொருளைப் பாராட்டினால் அந்தப் பொருள் உருப்படாது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். என் மாமன் வீட்டு எருமை அப்படித்தான் போனது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது.

அவர் ஃபிக்ரிய்யாவின் அட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தார். பஸ்யூனியின் அட்டையைப் பார்த்தார். எடைமேடையைப் பார்த்தார். புருவம் ஏறியது. "அடேயப்பா! என்ன வேலை இது! இருபத்தாறு வருஷத்துல நான் இப்படி ஒரு அட்டை பாத்ததில்ல. இந்த அம்மா ஒருத்தரே செஞ்சாங்களா?" என்றார். கண் படாமல் இருக்க மாஷா அல்லாஹ் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை! சேர்த்தால் நாக்கு தேய்ந்துவிடுமா? அந்த நேரம் பார்த்து, பையன் கொண்டுவந்து வைத்த டீ கிளாஸ் மேசைமேல் டப்பென்று விரிந்து டீ கொட்டியது. குளிர்காலத்தில் ஜில்லென்று இருக்கும் கிளாஸில் கொதிக்கும் டீயை ஊற்றினால் விரியத்தான் செய்யும். இதை இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு என் உடம்பு பூராவும் மயிர் சிலிர்த்தது.

முதலில் ஃபிக்ரிய்யாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"உஸ்தாத் ஹில்மி, நீங்கதான் பக்கத்து மேசை. மேடம் ஃபிக்ரிய்யா என்ன வேலை செய்யறாங்க? விவரமாச் சொல்லுங்க. எனக்கு அவங்களப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லி அந்த நீலக்கண்ணை அகல விரித்தார்.

அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் அவரை எடுத்துப் பரப்ப வேண்டுமா? ஏற்கெனவே கணவர் அந்த நிலையில். பாதி வீடு ஆஸ்பத்திரியில். இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது கண் படுவதற்கு? அவர் கை விழுந்துவிட்டால்? அவரே ஏதாவது ஐந்து சொல்லியிருப்பார், நான் மட்டம் தட்டினால் கண்ணின் வேகம் குறையும், இப்படி ஒரு கணக்குப் போட்டேன். பெரிய புத்திசாலி!

"அவங்களா?" என்று உதட்டைப் பிதுக்கினேன். "பெரிசா ஒண்ணும் இல்ல சார். டீ குடிப்பாங்க. யாராவது சொல்றத எழுதிக்குவாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இந்த அட்டையெல்லாம்?"

"ஆளுங்க சொல்றாங்க, இவங்க எழுதறாங்க. யாரு வேணும்னாலும் எழுதலாம் சார்."

ஸர்வத் எழுதி முடித்து, வாக்குமூலத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, கண் கழிய ஒரு கைப்பிடி உப்பை அடுப்பில் போடச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். உபரி: ஒருவர். ஃபிக்ரிய்யா அப்துல் வாரிஸ், பதவி விவரிப்பாளர். தேறிய பணிகள்: ஒன்று.

அவர் பட்டியலின் முன்னால் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எழுத்தறிவு இல்லாதவர் போல, ஒவ்வொரு எழுத்தாக. அறைக்கு வந்து உட்கார்ந்தார். விதைத் தோலையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கூட்டி எடுத்துக் கூடையில் போட்டார்.

"நீ என்ன சொன்ன, ஹில்மி?"

கோபமே இல்லாத குரல். மூட்டைக்காரனிடம் கேட்பாரே, அதே குரல். நான் சொன்னேன். டீ குடிப்பாங்க என்று சொன்னதையும் சொன்னேன்.

"எதனால?"

"கண்ணு... அந்த ஆளோட கண்ணு, மேடம். பாத்தீங்கல்ல. கிளாஸ் வேற உடஞ்சுது. நீங்க உங்க வாக்குமூலத்துல அஞ்சு சொல்லியிருப்பீங்கன்னு..."

"நான் ஒண்ணுமே சொல்லல." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னத்த சார், ஏதோ பேப்பர் வேலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாயே வரல. இருபது வருஷமா எல்லாரையும் அதுக்காகத் திட்டியிருக்கேன், என் வாயே வரல. போகட்டும், பக்கத்துல ஹில்மி இருக்கான், அவன் சொல்லுவான்னு நினைச்சேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ரெண்டேகால்" என்றார். "மூணு மணி வண்டிக்கு ஷவ்கி சட்டை மாட்டிட்டு உக்காந்திருப்பாரு. அவருகிட்ட நான் என்ன சொல்றது? அத மட்டும் சொல்லு."

அவருடைய கைப்பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அறைக்கு வந்துவிட்டேன். குழு பதினோரு மணிக்குக் கெய்ரோவுக்குக் கிளம்புகிறது. கிளம்பிவிட்டால் பட்டியல் முத்திரை விழுந்து இறுதியாகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரிகளுக்கு நடுவே நடந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. என் அட்டை? என் பதவிக்கும் ஓர் அட்டை உண்டே. அதற்கு யாரைக் கேட்டிருப்பார்? இந்த அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். அவர்தான்.

தன் கோப்பைத் தானே எடுத்துப் பார்க்கக் கூடாது என்பது விதி. பதினாறு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை, எல்லோருக்கும் செய்வதுபோல் மேடம் வாசித்துக் காட்ட வந்தபோதும் நழுவிவிட்டேன். விதிக்குப் பயந்து இல்லை. உள்ளே ஒன்றுமே இருக்காதோ என்ற பயம். அன்றைக்கு எடுத்தேன்.

இருபத்து மூன்று பணிகள். எனக்கு! ஈரக் கோப்புகளை ஜன்னல் வெயிலில் பக்கம் பக்கமாக விரித்து உலர்த்துதல் என்று இருந்தது. அது எட்டு வருடத்துக்கு முன் கூரை ஒழுகியபோது செய்தது, பிறகு ஒவ்வொரு மழைக்கும் செய்வது. நான் அதை வேலை என்றே நினைத்ததில்லை. மனுக் கொடுக்க வரும் எழுதத் தெரியாதவர்களுக்கு, அவர்கள் கேட்கும் முன்பே நாற்காலி தருதல் என்று ஒன்று. அடையாளம் என்ற கட்டத்தில்: அவர்கள் உட்கார்ந்தபின் பேசுகிறார்கள். பதினேழாவது இப்படி இருந்தது: கேட்டதை, கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் எடுத்துத் தருதல்.

கூட்டாமல் குறைக்காமல். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அட்டையை அலமாரியில் வைத்துவிட்டுக் குழுவைத் தேடி ஓடினேன்.

குழுவைப் பாலத்தடியில், அவித்த மொச்சை விற்கும் ஃபூல் கடையில்தான் பிடித்தேன். பத்தரை மணி. கார் உறுமிக்கொண்டிருக்கிறது, டிரைவர் பெட்டிகளை ஏற்றுகிறான், ஸர்வத் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். ஓடிவந்த மூச்சோடு, "சார், நேத்து நான் சொன்னது பொய்" என்றேன்.

"எது?"

"எல்லாம். டீ குடிக்கறது மட்டும் நிஜம்."

அவர் பழத்தைக் கீழே வைத்தார். "கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் அது. ஏன் பொய் சொன்னீங்க? அவங்க மேல ஏதாவது விரோதமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அடுத்ததை எப்படிச் சொல்வது? ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே, உன் கண்ணைப் பார்த்துப் பயந்துதான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? டிரைவர் ஹாரன் அடித்தான். வேறு வழியில்லை.

"உங்க கண்ணு சார்" என்றேன். "நீலமா இருக்கு. பல்லும்... நீங்க அவங்கள ரொம்பப் பாராட்டினீங்க. கிளாஸ் உடஞ்சுது. அவங்க வீட்டுல ஏற்கெனவே நோய். கண் பட்டுருமோன்னு..."

கடைக்காரன் கரண்டியை நிறுத்திவிட்டான். குழுவின் மற்ற இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஸர்வத்தின் கழுத்து சிவந்தது. அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பழத்தைத் தட்டோடு தள்ளிவைத்து, "எங்கம்மா எனக்குச் சோறு போடும்போது முகத்தத் திருப்பிக்குவா" என்றார். "புதுக் குழந்தை பிறந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. என் தங்கச்சி வீட்டுக்குக்கூட. உங்க ஊர்லயாவது நான் பேப்பர மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்."

ஒரே வாயில் இரண்டு பேரைக் கொன்றிருக்கிறேன். "மன்னிச்சுடுங்க சார்" என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

"உக்காருங்க" என்றார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "மாத்தலாம். ஆனா முதல் வாக்குமூலம் பொய்ன்னு நான் பதிவு பண்ணணும். பண்ணினா உங்க அட்டையில ஒரு பணி அடிபடும். நேத்து உங்க அட்டையும் பாத்தேன். பதினேழாவது. ஆவணக் குமாஸ்தாவுக்கு அது போனா பதவி உயர்வு கிடையாது, எப்பவுமே. யோசிச்சுக்குங்க."

"அடிங்க சார்."

"சரி. மேடம் ஃபிக்ரிய்யா என்ன செய்யறாங்க?"

சொன்னேன். ஃபூல் தட்டில் ஈ மொய்க்க, டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடிக்க, சொன்னேன். மேடம் ஆளைப் பேசவைக்க முதலில் மெஷினைப் பற்றிக் குறை சொல்வதை. சொல்பவன் பொய் சொல்கிறானா என்று பார்க்க அவன் கையைப் பார்ப்பதை. வேலை நேரத்தில் ஒன்றும் கேட்காமல் ஓரமாக நின்று ஒரு முழு ஷிஃப்ட் பார்ப்பதை. இரண்டு பேர் ஒரே பணியைத் தன்னுடையது என்றால் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துச் செய்யச் சொல்வதை. எழுதியதை அந்த ஆளுக்கே வாசித்துக் காட்டுவதை. தன் அட்டையைக் கேட்டு ஒரு மூட்டைக்காரன் அழுததை. ஒவ்வொன்றுக்கும் ஸர்வத், "முடிஞ்சதுக்கு அடையாளம்?" என்று கேட்டார். மேடத்தின் கேள்வியைக் கொண்டே மேடத்தை அளந்தோம். அந்த நீலக்கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொன்றின் முடிவிலும் ஸர்வத்தே வாய்க்குள் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டார். முப்பத்தொரு பணிகள் தேறின.

திங்கட்கிழமை பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினார்கள். உபரி: யாருமில்லை. அன்றும் மூன்று மணி மைக்ரோபஸ்ஸில் ஷவ்கி தன் மனைவியின் தோளோடு மன்சூராவுக்குப் போனார்.

என்னிடம் ஃபிக்ரிய்யா பேசவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். ஜன்னலுக்குக்கூடச் சண்டை இல்லை. அவர் திறந்தால் நான் சும்மா இருந்தேன், நான் மூடினால் அவர் சும்மா இருந்தார். அந்த மௌனத்துக்கு அஸ்வானே தேவலை என்று தோன்றியது. அவர் மன்னிக்காமலே ஓய்வு பெற்றுப் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தது, அதற்குள் ரமலான் தொடங்கியிருந்தது. என் மேசைமேல் ஓர் அட்டையை வைத்தார். புதிது, மை காய்ந்திருந்தது. "குழு உத்தரவுப்படி திருத்தினது. அடுக்கி வை" என்றார். "உன்னோடது. படிக்கக் கூடாது, விதி."

"சரி மேடம்."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு படித்தேன். பதினேழாவது பணியின் மேல் சிவப்புக் கோடு, சரியாக, ஒரு எழுத்தும் தப்பாமல். கீழே, இருபத்து நாலு என்று புதிதாக ஓர் எண். அவருடைய சின்னச் சின்ன எழுத்து.

பணி: தான் செய்த பிழையைத் தானே போய்ச் சொல்லித் திருத்துதல். எதைக் கொண்டு: தன் வாயைக் கொண்டு. முடிந்தது என்பதற்கு அடையாளம்: பக்கத்து நாற்காலி காலியாக இல்லை.

அட்டையை அதன் இடத்தில் அடுக்கினேன். பிறகு எழுந்துபோய், அவருக்குப் பிடித்தபடி, ஜன்னலைத் திறந்துவிட்டேன்.